கிருமி காத்த தீவு



கால்நடை மருத்துவர்களுக்கான இந்த உரையின் அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மாட்டு டாக்டருக்கு அமெரிக்கத் தீவோடு என்னய்யா சம்பந்தம்? மகள் வீட்டுக்குப் போய்வந்த கதையா?" என்றார். பாதி சரி. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அந்தத் தீவைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதன் பெயர் எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். மாடுகளைத் தாக்கும் கோமாரி நோயைப் பற்றிக் கொஞ்சம் ஆழமாகப் படித்தவர்கள் யாரும் பிளம் தீவின் பெயரைத் தாண்டி வந்திருக்க முடியாது.

தீவுக்குப் போகும் முன் ஒரு தொழுவத்துக்குப் போய்வருவோம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. வாரச்சந்தை முடிந்து நாலைந்து நாள் இருக்கும். காலையிலேயே ஒரு விவசாயி மருந்தக வாசலில் நின்றார். "சார், மாடு சப்புக் கொட்டிக்கிட்டே நிக்குது. வாயில நூல் நூலா ஒழுகுது. காலை உதறுது" என்றார். போய்ப் பார்த்தேன். சந்தையில் வாங்கிவந்த புது மாடு. கையுறையெல்லாம் அப்போது பழக்கமில்லை. வாயைத் திறந்து நாக்கைப் பிடித்து இழுத்தேன். நாக்கின் மேல்தோல் முழுவதும் உரிந்து என் கையோடு வந்துவிட்டது. கீழே பச்சை ரணம். குளம்பின் நடுவிலும் அப்படியே. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து வாயையும் காலையும் கழுவிவிட்டு, கேழ்வரகுக் கஞ்சி ஊற்றச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தொழுவத்தில் கூப்பிட்டார்கள் என்று அங்கே போனேன். அங்கிருந்து அடுத்த தெருவுக்கு. அதே செருப்பு, அதே கை.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கக் கோமாரி. தொழுவ வாசல்களில் வேப்பிலைக் கொத்து கட்டியாயிற்று. பெரிய மாடுகள் பிழைத்துக்கொண்டன, பால்தான் போயிற்று. கன்றுகள் முந்தின நாள் துள்ளிக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் காலையில் இதயம் நின்று கிடந்தன. பிழைத்த எருதுகளும் அதன்பின் வெயில் தாங்காமல் நாக்கைத் தள்ளிக்கொண்டு இளைத்தன. ஏரில் பூட்ட முடியாத எருதை வைத்துக்கொண்டு ஒரு மானாவாரி விவசாயி என்ன செய்வான்? அந்த ஊருக்கு நோயைச் சந்தை மாடு கொண்டுவந்தது. தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று இன்றும் நினைக்கிறேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. டாக்டர் வீடு வீடாக வந்தார் என்று பாராட்டினார்கள்.

பிற்பாடு பிளம் தீவு ஆய்வகத்தின் விதிகளைப் படித்தபோது இதனால்தான் எனக்கு உடம்பு கூசியது. அங்கே ஆய்வறைக்குள் போகிறவர் சொந்த உடையைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். வெளியே வரும்போது தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். உள்ளே போன காகிதம்கூட அப்படியே வெளியே வராது. அங்கே வேலை செய்பவர் வீட்டில் ஆடு, மாடு, பன்றி வளர்க்கக் கூடாது. உள்ளே போய்வந்தால் சில நாள்களுக்குப் பிளவுபட்ட குளம்புள்ள எந்தப் பிராணியின் அருகிலும் போகக் கூடாது. அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே காற்று உள்ளே போகுமே தவிர வெளியே கசியாது. வெளியேற்றும் காற்றை வடிகட்டிவிடுவார்கள், கழிவுநீரைச் சூடாக்கிக் கிருமியைக் கொன்றுவிட்டுத்தான் வெளியே விடுவார்கள், செத்த மாட்டை எரித்துவிடுவார்கள். இவ்வளவும் போதாதென்று சுற்றிலும் கடல்.

கோமாரியைக் கடல் நடுவே வைத்துப் படிக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் ஜெர்மானியர் ஃபிரீட்ரிஷ் லொஃப்லர். 1897-98இல் பால் ஃப்ரோஷுடன் சேர்ந்து, பாக்டீரியாவைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டியையும் தாண்டிப் போகிற ஏதோ ஒன்றுதான் கோமாரிக்குக் காரணம் என்று காட்டினார். பிராணிகளைத் தாக்கும் வைரஸ் ஒன்றை மனிதன் முதலில் அடையாளம் கண்டது அப்போதுதான். ஆய்வு நடந்த இடத்தின் சுற்றுவட்டாரத்தில் மாடுகளுக்கு நோய் வரவே, கரையில் வேலை செய்ய முடியாமல் போனது. 1910இல் பால்டிக் கடலின் ரீம்ஸ் தீவுக்கு அவர் ஜாகை மாறினார். டென்மார்க் 1926இல் லிண்ட்ஹோல்ம் என்ற குட்டித் தீவில் இதே மாதிரி ஒன்றை வைத்தது.

அமெரிக்கா கொஞ்சம் தாமதம். அங்கே கோமாரி 1929க்குப் பிறகு வரவில்லை. ஆனால் 1946இல் மெக்சிகோவில் புகுந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் லட்சக்கணக்கான மாடுகளைச் சுட்டுப் புதைத்தார்கள்; இந்தப் பக்கம் 1948இல் ஒரு சட்டம் போட்டார்கள். கோமாரிக் கிருமியை உயிரோடு வைத்து ஆராயும் ஆய்வகம் ஒரு தீவில்தான் இருக்க வேண்டும். தீவுக்கும் கரைக்கும் இடையே பெரிய கப்பல் போகும் ஆழத்துக்குத் தண்ணீர் ஓட வேண்டும். சுரங்கப்பாதை போட்டுக் கரையோடு இணைத்திருக்கவும் கூடாது. சுரங்கத்தைக்கூட யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். சட்டம் எழுதியவர் பயந்துபோய் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் பயம் பிடித்திருக்கிறது.

தேடிப் பிடித்த இடம்தான் பிளம் தீவு. நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டின் கிழக்குமுனை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அதில் வடக்குக் கிளையின் நுனி ஓரியன்ட் பாயின்ட். அங்கிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் கடல் தாண்டினால் தீவு. 840 ஏக்கர். நீளம் மூன்று மைல், அகலம் அதிகம் போனால் ஒரு மைல். 1659இல் மோண்டாக்கெட் பழங்குடித் தலைவர் வயண்டான்ச் ஒரு மேலங்கிக்கும், ஒரு பீப்பாய் பிஸ்கோத்துக்கும், நூறு தூண்டில் முள்ளுக்கும் அதைக் கொடுத்துவிட்டார் என்று பத்திரம் சொல்கிறது. தீவுக்கு விலை பேசியது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவைக்குப் பின்னால் வருகிறேன்.

1897இல் ராணுவம் அங்கே டெர்ரி கோட்டையைக் கட்டி, நியூயார்க்கை நோக்கி வரும் எதிரிக் கப்பல்களுக்காகப் பீரங்கிகளை நிறுத்திவைத்தது. எந்தக் கப்பலும் வரவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கோட்டை வேலையற்றுப் போனது. அடுத்து ராணுவத்தின் ரசாயனப் பிரிவு, எதிரி நாட்டுக் கால்நடைகளை நோயால் அழிப்பது பற்றிய ஆராய்ச்சிக்காகத் தீவின் மேல் கண் வைத்தது. அந்த யோசனை கைவிடப்பட்டு 1954இல் வேளாண்துறை கையில் தீவு வந்தது. 101ஆம் எண் கட்டடம் என்று பெயரிட்ட புதிய ஆய்வகம் 1956இல் திறந்தது. ராணுவம் சில ஆண்டுகள் கண் வைத்ததை ஊர் மறக்கவில்லை. அதற்குப் பின் ஐம்பது ஆண்டு நடந்த மாட்டு வைத்தியம்தான் யார் கண்ணிலும் படவில்லை. 'தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' படத்தில் இந்தத் தீவின் பெயர் ஆந்த்ராக்ஸோடு சேர்ந்து வருகிறது. உண்ணி பரப்பும் லைம் நோயே இங்கிருந்து தப்பித்த கிருமிதான் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1940களில் லாங் ஐலண்டில் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த உண்ணிகளிலேயே அந்தக் கிருமியின் தடயம் கிடைத்துவிட்டது. ஆய்வகமோ 1950களில்தான் வந்தது. ஆனாலும் வதந்திக்கு நாள்காட்டி பார்க்கும் பழக்கம் கிடையாது.

அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டால், நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று சொன்னால் போதும். 1981இல் ஜெனன்டெக் நிறுவனத்தோடு சேர்ந்து, மரபணுப் பொறியியல் வழியாகக் கோமாரித் தடுப்பூசிக்கான புரதத்தைச் செய்து காட்டினார்கள். உயிருள்ள கிருமியை வளர்க்காமலே தடுப்பூசி செய்யலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்துதான் வலுத்தது. பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு வியட்நாம் 2022இல் ஒரு தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்ததே, அதன் வலுக்குறைத்த கிருமி பிளம் தீவில் உருவானது. ஏறத்தாழ 400 பேர் தினமும் படகேறிப் போய் இந்த வேலையைச் செய்துவந்தார்கள்.

ஒரு தடவை தவறு நடந்தது. 1978 செப்டம்பரில், ஆய்வகத்துக்கு வெளியே பட்டியில் அடைத்திருந்த நோயில்லா மாடுகளுக்குக் கோமாரி கண்டது. கிருமி சுவரைத் தாண்டிவிட்டது. தீவிலிருந்த அத்தனை கால்நடையையும் கொன்று எரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பிராணியைக்கூட வெளியே கட்டவில்லை. கிருமி கரைக்குப் போகவில்லை. கடல் அந்தத் தவறைத் தடுக்கவில்லை, ஆனால் தவறைத் தீவுக்குள்ளேயே அடைத்துவைத்துத் திருத்திக்கொள்ள நேரம் கொடுத்தது. என் முதல் ஊரில் எனக்குக் கிடைக்காதது அந்த நேரம்தான்.

இனி, தீவை என்ன செய்வது என்ற கதை.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் உள்நாட்டுப் பாதுகாப்புத்துறை என்ற புதுத்துறை பிறந்தது. 2003இல் பிளம் தீவு அதன் கைக்கு மாறியது. பயங்கரவாதிகள் மாட்டுக்கு நோய் பரப்பினால் என்னாவது என்பது அவர்கள் கவலை. கட்டடங்கள் பழசு, மனிதருக்கும் தொற்றும் மிகக் கொடிய கிருமிகளைப் பெரிய பிராணிகளில் வைத்து ஆராய நான்காம் நிலைப் பாதுகாப்பு வசதி அங்கே இல்லை என்று 2005இல் புது ஆய்வகம் கட்டப்போவதாக அறிவித்தார்கள். ஜார்ஜியா, கான்சஸ், மிசிசிப்பி, வட கரோலினா, டெக்சஸ் ஆகிய மாநிலங்களிலும் பிளம் தீவிலேயும் இடம் பார்த்தார்கள். கடைசியில் கான்சஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் என்ற ஊர் தேறியது. நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு மூன்று மணி நேரத் தொலைவில் இருந்த கிருமி, இன்னொரு மன்ஹாட்டனுக்குக் குடிபோகிறது. அஞ்சல்காரர் பாவம்.

கான்சஸ் மாட்டு மாநிலம். மனிதர்களைப் போல் இருமடங்குக்கு மேல் அங்கே மாடுகள். பக்கத்திலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ள பல்கலைக்கழகம், ஆள் கிடைப்பது சுலபம், படகுச்செலவு மிச்சம் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். எதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் கோமாரிக் கிருமியை மாட்டு மந்தை நடுவே கொண்டுபோய் வைப்பதென்றால் எந்தத் தொழுவக்காரனும் ஒரு கணம் யோசிப்பான். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2010இல் யோசித்தது. அரசு கொடுத்த கணக்கையே எடுத்துக்கொண்டு பார்த்தால், அந்த ஆய்வகத்தின் 50 ஆண்டு ஆயுளில் கிருமி வெளியேறித் தொற்று ஏற்பட 70 விழுக்காட்டுக்கு அருகில் வாய்ப்பு இருக்கிறது என்றது. உடனே வடிவமைப்பைத் திருத்தி, 2012இல் புதுக்கணக்கு போட்டார்கள். அதில் 0.11 விழுக்காடு! எழுபதிலிருந்து, ஒன்றின் ஒன்பதில் ஒரு பங்குக்கு. கட்டடம் அவ்வளவு திருந்திவிட்டதா, கணக்கு திருந்திவிட்டதா என்று அந்தக் குழுவே மறுபடி சந்தேகப்பட்டது. 2008 ஜூனில் அந்த ஊரைச் சூறாவளி வேறு தாக்கியிருந்தது. சூறாவளியைத் தாங்கும்படி சுவர்களைத் தடிமனாக்கினார்கள். 1.25 பில்லியன் டாலரில் கட்டி 2023 மே மாதம் திறந்தும்விட்டார்கள்.

என் கருத்தைக் கேட்டால், நான் ஆய்வகத்தைத் தீவிலிருந்து மாற்றியிருக்க மாட்டேன். ஆனால் கடல் இருந்தால் போதும் என்றும் நினைக்கவில்லை. 2007இல் இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வகத்திலிருந்து கோமாரி வெளியேறியது விமானத்திலும் அல்ல, பயங்கரவாதியின் பையிலும் அல்ல; பழுதுபார்க்காத வடிகால் குழாய் வழியாக. குழாயைப் பார்க்க ஆள் இல்லையென்றால் தீவும் காக்காது. அந்த விவாதம் முடிந்துபோன ஒன்று. நான் பேசவந்தது பின்னால் விட்டுப்போன நிலத்தைப் பற்றி.

புது ஆய்வகத்துக்குப் பணம் வேண்டுமே. 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு பெரிய நிதிச்சட்டத்தின் உள்ளே ஒரு பிரிவைச் செருகியது. பிளம் தீவைப் பொது ஏலத்தில் விற்று, வரும் பணத்தைக் கான்சஸ் கட்டடத்துக்குப் பயன்படுத்த வேண்டும். தீவில் என்ன இருக்கிறது என்று யாரும் எண்ணிப்பார்க்கும் முன்பே, அதை விற்றாக வேண்டும் என்று சட்டமாகிவிட்டது. நம்மூரில் மேய்ச்சல் புறம்போக்கைப் பட்டா போட்டுக் கொடுக்கும்போது, "அங்கே ஒண்ணும் இல்லீங்க, சும்மாதான் கிடக்கு" என்று சொல்வோமே, அதே வாக்கியம்தான். ஆங்கிலத்தில் எழுதியதால் கொஞ்சம் கௌரவமாக இருந்தது, அவ்வளவுதான்.

சும்மா கிடந்த இடத்தில் என்ன இருந்தது?

கிருமிக்குப் பயந்து ஐம்பது அறுபது ஆண்டுகள், ஆய்வக வேலைக்கு வந்தவர்களைத் தவிர, வெளியார் யாரும் அங்கே கால் வைக்கவில்லை. ஆய்வகமும் துறைமுகமும் பிடித்த இடம் போக மீதி முழுவதும் காடாகவும் சதுப்பாகவும் மணல்மேடாகவும் தானாகவே வளர்ந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பறவையினங்களை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். கடற்கரை மணலில் முட்டையிடும் பைப்பிங் பிளவர் என்ற சிறு உப்புக்கொத்தி, மனிதக் காலடியும் நாயும் படாத மணல் தேடி அலையும் பறவை, அங்கே கூடு வைக்கிறது. குளிர்காலத்தில் பாறைகள் மேல் சீல்கள் நூற்றுக்கணக்கில் ஏறிக் கிடக்கின்றன. கிழக்கே கொஞ்சம் தள்ளி கிரேட் கல் என்று 17 ஏக்கர் தீவு. அதிலும் ராணுவக் கோட்டை இருந்தது. 1949இல் அது அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கைக்குப் போனது. இன்று அந்தப் பகுதியில் அழிவு அபாயத்திலுள்ள ரோசியேட் ஆலாக்கள் மேற்கு அரைக்கோளத்தில் மிகுதியாகக் கூடு வைக்கும் இடங்களில் அது ஒன்று. அந்த ஆலாக்கள் மீன் பிடிக்கும் கடல் பிளம் தீவைச் சுற்றியுள்ள கடல்தான். பக்கத்துத் தீவில் கண்முன்னே ஒரு முன்மாதிரி இருந்தும், சட்டம் எழுதியவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சட்டப்படி சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்று எழுத வேண்டியிருந்தது, 2013இல் எழுதினார்கள். விற்பனை ஏற்கெனவே முடிவாகியிருந்ததால், விற்றால் என்னாகும் என்பதைத்தான் அது ஆராய்ந்தது. விற்காமல் வேறு என்ன செய்யலாம் என்று ஆற அமர யோசிக்க அதற்கு இடம் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் விற்பது என்று முறைப்படி அறிவித்தார்கள். அந்தச் சமயத்தில் டொனால்டு டிரம்ப்—அப்போது அவர் கட்டட வியாபாரி—அங்கே கோல்ஃப் மைதானம் அமைக்கும் ஆசையைத் தெரிவித்ததாகச் செய்தி வந்தது. 840 ஏக்கர், நாற்புறமும் கடல், நியூயார்க்கிலிருந்து நூறு மைல். கோல்ஃப் மைதானம் என்ன, அரண்மனையே கட்ட ஆள் இருந்திருக்கும்.

விற்பனையைத் தடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு சின்ன ஊராட்சியின் வேலை. பிளம் தீவு சவுத்தோல்டு என்ற டவுனின் எல்லைக்குள் வருகிறது. நடுவண் அரசின் நிலத்தின் மேல் உள்ளூர் மன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் அரசு அதைத் தனியாருக்கு விற்ற மறுகணம், வாங்கியவர் உள்ளூர் நில வகைப்பாட்டுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். இதைப் புரிந்துகொண்ட சவுத்தோல்டு, 2013இல் தீவுக்கென்றே இரண்டு மண்டலங்களை வகுத்தது. ஆய்வகம் இருக்கும் பகுதியில் ஆராய்ச்சி மட்டும், மீதிப் பெரும்பகுதி இயற்கைக் காப்பு. வீடு கட்ட எங்கேயும் அனுமதி இல்லை. தனக்குச் சொந்தமில்லாத நிலத்தின் விலையை ஓர் உள்ளூர் மன்றம் ஒரே தீர்மானத்தில் சரித்துவிட்டது. மன்றத்தின் மேசையில் யார் இதை முதலில் சொன்னாரோ, அவருக்கு என் வணக்கம்.

கடல் அமைப்புகளும் பறவை அமைப்புகளும் ஒரு கூட்டணி சேர்ந்தன. எதிர்க்கரையிலுள்ள கனெக்டிகட்டின் அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. 2016இல் நீதிமன்றம் போனார்கள். இதற்குள் கான்சஸ் கட்டடத்துக்கான பணத்தைக் காங்கிரஸ் வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே முழுமையாக ஒதுக்கிவிட்டது. விற்பனைக்குச் சொன்ன காரணமே தீர்ந்துபோயிற்று, சட்டம் மட்டும் நின்றது. 2020 டிசம்பரில், இன்னொரு பெரிய நிதிச்சட்டத்தின் உள்ளே, இரு கட்சியினரும் சேர்ந்து அந்தப் பிரிவை ரத்துசெய்தார்கள். வந்த வழியிலேயே போனது.

ரத்தாகிவிட்டது என்றவுடன் தீவு காப்பாற்றப்பட்டது என்று பலர் எழுதினார்கள். அப்படி இல்லை. விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம்தான் போனது. விற்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. இனி அரசின் உபரிச் சொத்துக்கு உரிய வழக்கமான வரிசை பொருந்தும். முதலில் வேறு நடுவண் துறை எதற்காவது வேண்டுமா என்று கேட்பார்கள். பிறகு வீடற்றோருக்குப் பயன்படுமா என்று, 1987இல் வந்த சட்டப்படி, பார்ப்பார்கள். படகில்லாமல் போக முடியாத தீவில் வீடற்றவர்களைக் குடிவைப்பது யார் கனவிலும் வராது, ஆனாலும் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும். அடுத்து மாநிலம், உள்ளூர் மன்றம். யாரும் கேட்காவிட்டால் கடைசியில் பொது விற்பனை. ஆகவே வரிசையின் முடிவில் ஏலக்காரர் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறார்.

இதே நிலையில் மற்ற தீவுகள் என்னாயின? ஸ்காட்லாந்தின் குரினார்ட் தீவில் 1942இல் ஆந்த்ராக்ஸ் குண்டைச் செம்மறிகளுக்கு அருகே வெடித்துப் பரிசோதித்தார்கள். மண்ணில் கிருமி நாற்பது ஆண்டுகள் உயிரோடு கிடந்தது. 1986இல் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கரைத்துத் தீவு முழுக்கத் தெளித்து, 1990இல் ஓர் அமைச்சர் நேரில் போய் எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கினார். பழைய உடைமையாளரின் வாரிசுகளுக்கு, போருக்குப் பின் வாங்கிய அதே 500 பவுண்டுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கும்போதே திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டதைக் காப்பாற்றினார்கள். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஃபார்மால்டிஹைட் குடித்த மண்ணைப் பற்றி நான் பேசவில்லை.

டென்மார்க்கின் லிண்ட்ஹோல்ம் கதை வேறு மாதிரி. ஆய்வகம் காலியாகிறது என்றதும், 2018இல் அந்நாட்டு அரசு, தண்டனை முடிந்தும் நாடு கடத்த முடியாத வெளிநாட்டுக் குற்றவாளிகளை அங்கே வைக்கத் திட்டம் போட்டது. அப்போது தீவுக்குப் போன படகுகளில் ஒன்றின் பெயரே 'வைரஸ்'. மாட்டுக் கிருமி வாழ்ந்த இடம், இனி யாருக்கும் வேண்டாத மனிதர்களுக்கு என்ற அந்தக் கணக்கு எனக்குக் குமட்டியது. 2019இல் ஆட்சி மாறியது, திட்டம் கைவிடப்பட்டது. ரீம்ஸோ இன்றும் ஆய்வகம்தான். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் கரையோடு பாலம்போல் ஓர் அணைச்சாலை போட்டுவிட்டார்கள். லொஃப்லரின் பெயரையே தாங்கி நிறுவனம் நடக்கிறது. 2025 ஜனவரியில் பெர்லினுக்கு அருகே நீர் எருமைகளுக்குக் கோமாரி வந்தபோது, 1988க்குப் பிறகு ஜெர்மனியில் முதல் தடவை, அதை உறுதிசெய்தது அந்த நிறுவனம்தான். நோய் இல்லாத முப்பத்தாறு ஆண்டுகளும் ஆய்வகத்தை விளக்கேற்றி வைத்திருந்ததற்குப் பலன் அன்று கிடைத்தது.

பிளம் தீவுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றும் புதிதல்ல. சவுத்தோல்டு மன்றம் கோடு போட்டதையே நானும் சொல்வேன். நிலம் பொதுவாகவே இருக்கட்டும். ஆய்வகப் பகுதியில், கிருமி போனாலும், கடலையோ பறவையையோ ஆராயும் வேலை நடக்கட்டும். ஏற்கெனவே சிமென்ட் போட்ட இடம் அது. மீதியை அப்படியே விடுங்கள். வயண்டான்சின் வழிவந்த மோண்டாக்கெட் மக்களையும் ஷின்னகாக் மக்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். தூண்டில் முள் கணக்கு இன்னும் தீரவில்லை. தீவிலிருக்கும் பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் எப்போதாவது ஒரு படகில் போய்வரலாம். தினமும் பத்துப் படகு என்றால் மட்டும் நான் எதிர்ப்பு. சுற்றுலாப் படகைவிட வைரஸ் நல்ல காவலாளி என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள்.

அவளோடுதான் போனேன். கனெக்டிகட்டின் நியூ லண்டனிலிருந்து ஓரியன்ட் பாயின்டுக்குக் கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு போகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தீவை ஒட்டியே போய், பிளம் கட் என்ற நீரிணையில் திரும்புகிறது. அங்கே நீரோட்டம் கொதிக்கும் சோற்றுப்பானை போலப் புரள்கிறது. கரையில் 1869இல் கட்டிய கருங்கல் வீடு, அதன் கூரையிலிருந்து எழும்பும் விளக்குக் கோபுரம். எதிர்ப்பக்கம் கடல் நடுவே ஓர் இரும்பு விளக்கு. அதைக் காபிப் பானை என்று ஊரார் கூப்பிடுகிறார்கள். நம் காபி ஃபில்டர் அளவுக்கு அழகில்லை, ஆனால் பொருத்தம்தான். ஆய்வகத்தின் வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்தேன். மேல்தளத்தில் என்னோடு நின்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு ஏதோ திகில் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த முதல் ஊரின் தொழுவம்தான் ஞாபகத்தில் வந்தது.

படகு நெருங்கியபோது ஒரு மானைத் தேடினேன். ஓரியன்ட் பாயின்ட் பக்கம் மான்கள் ஏராளம். அவ்வப்போது ஒன்றிரண்டு அந்த நீரோட்டத்தை நீந்திக் கடந்து தீவில் ஏறிவிடும். மானுக்கும் பிளவுபட்ட குளம்பு, கோமாரி அதற்கும் வரும், திரும்ப நீந்திப்போனால் கூடவே கொண்டுபோகும். ஆகவே தீவில் ஏறும் மானைச் சுட்டுவிடுவது ஆய்வகத்தின் விதி. லாங் ஐலண்டில் மான்கள் காட்டின் கீழ்ச்செடிகளை மேய்ந்து தீர்க்கின்றன. இங்கே அவை நிலைக்கவில்லை. பறவைகள் ஒளிந்து கூடு கட்டும் புதர்கள் அடர்ந்து நிற்பதில் அந்தத் துப்பாக்கிக்கும் பங்கு உண்டு. கிருமி கான்சஸுக்குப் போய்விட்டால் மானைச் சுட ஒரு காரணமும் இருக்காது. சுடாமல் விட்டால் பத்து இருபது ஆண்டில் புதர் இருக்காது. பறவைக்காக மானைக் கொல்ல எந்தத் துறை ஒப்புக்கொள்ளும், அந்தச் சம்பளத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று மகளிடம் கேட்டேன். "அப்பா, பசிக்குது, கரைக்குப் போனதும் சாப்பிடலாம்" என்றாள். அன்றைக்கு மான் எதுவும் தட்டுப்படவில்லை. பாறைமேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன.